மறைந்த நடிகையின் நன்றியுரை

அறுபத்தோரு படங்களில் அவர் செத்திருக்கிறார். காசநோயில் பதினேழு முறை. மாரடைப்பில் பன்னிரண்டு. மகனுக்கு வந்த துப்பாக்கிக் குண்டைக் குறுக்கே ஓடிப்போய் வாங்கிக்கொண்டது ஒன்பது. வெள்ளத்தில் நான்கு. மீதிப் பத்தொன்பதில் என்ன நோய் என்று கதாசிரியருக்கே தெரியாது. இடைவேளைக்கு முன்னால் அம்மா போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சேவைக்காக அவருக்குக் ‘கண்ணீர்க் கடல்’ என்று பட்டம் கொடுத்தார்கள். கொடுத்த அமைச்சர் அந்த நேரத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது புகைப்படத்தில் தெளிவாகத் தெரியும்.

ஆனால் அவர் அழுவதற்காக இந்தத் தொழிலுக்கு வந்தவர் இல்லை. பதினான்கு வயதில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது வேலைக்காரி வேஷம். யார் எந்தச் செய்தியைச் சொல்லி அனுப்பினாலும் அதைத் தப்பான ஆளிடம் தப்பாகச் சொல்கிற வேலைக்காரி. கையில் ஒரு தட்டு, தலையில் ஒரு கோணல் கொண்டை. ஒன்பது வருடம் அந்தத் தட்டோடு ஊர் ஊராகப் போனார். இளவரசர் உருவிய வாளோடு வசனம் பேசிக்கொண்டிருப்பார், பின் வரிசையிலிருந்து, “யோவ், நீ போய் வேலைக்காரிய அனுப்புய்யா!” என்று குரல் வரும். இளவரசர் வாளை உறையில் போட்டுக்கொண்டு உள்ளே போவார்.

ஒருநாள் ஒரு சினிமா இயக்குநர் நாடகம் பார்க்க வந்தார். அன்றைக்குப் பார்த்து நம் வேலைக்காரிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் வீங்கிக் கண்ணில் நீர் ஒழுக ஒழுகத்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த இயக்குநர் ஒருவருக்கு மட்டும் அதில் தாய்மையின் துயரம் தெரிந்துவிட்டது. மறு வாரமே இருபத்து மூன்று வயதில் அவர் அம்மாவானார். மகனாக நடித்த கதாநாயகனுக்கு வயது முப்பத்து நான்கு.

“அம்மா! என்னை விட்டுட்டுப் போயிடாதீங்கம்மா!” என்று கதாநாயகன் கதறுவார். காட்சி முடிந்ததும் இவர் கண்ணைத் திறந்து, “அண்ணே, கையை விடுங்கண்ணே, மரத்துப் போச்சு” என்பார்.

பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். தாய்மையைப் பிடுங்க யாராலும் முடியவில்லை.

இப்போது அவருக்கு எழுபத்து நான்கு. கடைசிப் பத்து வருடமாகச் சாகக்கூட வாய்ப்பு வருவதில்லை. படம் தொடங்கும்போதே செத்திருந்தார். ஒரு மணி நேர வேலை. நாற்காலியில் உட்கார்ந்து நேராகப் பார்த்து, புன்னகைக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் முகத்தை வைத்துக்கொண்டால் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, அதன் முன்னால் புதுக் கதாநாயகன் நின்று அழுவான். போட்டோ வேஷம் என்று இதற்குப் பெயர். பதினெட்டுப் படங்களில் அவர் சுவரில் தொங்கினார்.

இந்த நிலையில்தான் நகரத்தில் புதிதாக ஒரு நகைச்சுவை நாடகம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டார். அதில் காது கேட்காத ஒரு மாடிவீட்டு அம்மா வருகிறாளாம். கேட்கக் கூடாதது மட்டும் அவளுக்குக் கேட்குமாம். செய்தியைப் படித்ததும் நாளிதழை மடித்து வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அவரை எங்கும் அழைத்துப் போவது தங்கை மகள். கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பது அவள் தொழில். பயிற்சிக் கார் என்பதால் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. பேச்சில் முக்கியமான இடம் வரும்போதெல்லாம் பெரியம்மா அதை மிதித்துவிடுவார்.

“எனக்கு அந்த வேஷம்” – கார் குலுங்கி நின்றது – “வேணும்டி.”

“பெரியம்மா, பின்னால பஸ் வருது.”

நாடக இயக்குநர் ஒரு பழைய கிடங்கில் ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். நாடகக் கலை முழுவதையும் ஒரே தோளில் சுமப்பவரைப் போல ஒருபக்கமாகச் சாய்ந்து நடப்பார். தோள்பையின் கனம்தான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு.

“அம்மா! நீங்க தேடி வந்தது என் பாக்கியம். உங்களுக்குன்னே நாடகத்துல ஒரு போட்டோ…”

“போட்டோ வேணாம் தம்பி. அந்த மாடிவீட்டு அம்மா வேஷம் கேட்டு வந்தேன்.”

“அது காமெடிம்மா.”

“அதனாலதான் வந்தேன்.”

இயக்குநர் அவரையே பார்த்தார். இயக்குநரின் கண் கலங்கியது. “பாத்தீங்களா? எனக்கே இப்படி ஆகுது. நீங்க ‘காபி ஆறிடுச்சு’ன்னு சொன்னாக்கூட ஜனங்க அழுதுடுவாங்கம்மா.”

“சும்மா சொல்லாதீங்க.”

“மேஸ்திரி! கொஞ்சம் இங்க வாங்க.”

மேடைக்குக் கதவு செய்துகொண்டிருந்த தச்சர் சுத்தியலோடு வந்தார். கண்ணீர்க் கடல் இடுப்பில் கை வைத்து, கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, “ஏம்ப்பா, கதவு செய்யச் சொன்னா ஜன்னல் செஞ்சு வெச்சிருக்க. நான் என்ன, எகிறிக் குதிச்சா வீட்டுக்குள்ள போறது?” என்றார்.

தச்சர் சுத்தியலைக் கீழே வைத்தார். உதடு துடித்தது. “எங்க அம்மா நெனப்பு வந்துடுச்சும்மா” என்று சொல்லிவிட்டு மரத்தூள் ஒட்டிய கையால் கண்ணைத் துடைக்கப் போய், தூள் கண்ணில் விழுந்து இன்னும் அதிகமாக அழுதார்.

“இவ்வளவுதாம்மா விஷயம்” என்றார் இயக்குநர். “ஆனா நான் நியாயமான ஆளு. என் கண்ணு முன்னால ஒரே ஒருத்தர் உங்களைப் பாத்துச் சிரிக்கட்டும். வேஷம் உங்களுக்குத்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருக்கும் தர மாட்டேன். வீட்டு ஆளுங்க சிரிச்சா செல்லாது.”

“நான் சிரிக்கவே இல்லையே” என்றாள் தங்கை மகள். பெரியம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார்.

திரும்பி வரும் வழியில் கார் திடீரென்று நின்றதற்காக ஒரு போக்குவரத்துக் காவலர் மடக்கினார். நல்ல வாய்ப்பு என்று கண்ணாடியை இறக்கிப் பெரியம்மா ஒரு நகைச்சுவை சொன்னார். காவலர் தொப்பியைக் கழற்றிவிட்டு, “போயிட்டு வாங்கம்மா, உடம்பைப் பாத்துக்குங்க” என்று தழுதழுத்தார். மறுநாள் மருந்துக்கடைக்காரரும் அப்படியே. ஒரு பெண் அழுதுகொண்டே தன் குழந்தையை அவர் மடியில் உட்கார வைத்தாள், குழந்தையும் அழுதது.

செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு பெரிய உறை வந்தது. கலை மன்றத்தின் அழைப்பிதழ். தங்கை மகள் பிரித்துப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“பெரியம்மா, நீங்க செத்துட்டீங்களாம்.”

“எந்தப் படத்துல?”

“படத்துல இல்ல. நெஜமாவே. ‘மறைந்த மாபெரும் நடிகை கண்ணீர்க் கடல் – அன்னாரின் நினைவேந்தல் கூட்டம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.’ உறை மேல ‘அன்னாரின் குடும்பத்தினர்’னு போட்டிருக்கு.”

அன்னார் அழைப்பிதழை வாங்கித் தடவிப் பார்த்தார். “உயிரோட இருக்கிறவங்களுக்கு இவ்வளவு நல்ல தாள்ல அடிக்க மாட்டாங்க” என்றார்.

புதன்கிழமை காலை இருவரும் மன்றத்துக்குப் போனார்கள். வாசலில் எழுத்தர் அவர்களைப் பார்த்து எழுந்து நின்றார். பிறகு யாரைப் பார்த்து எழுந்தோம் என்பது புரிந்து உட்கார்ந்துவிட்டார்.

“எப்படிங்க இப்படி ஆச்சு?” என்று கேட்டாள் தங்கை மகள்.

“எங்ககிட்ட ஒரு முறை இருக்குங்க” என்று எழுத்தர் பதிவேட்டைத் திறந்தார். “யார் இருக்காங்க, யார் இல்லைங்கிறதை நாங்க படங்களைப் பாத்துத்தான் பதிவு பண்றது. நடிச்சா இருக்காங்க. சுவத்துல போட்டோவாத் தொங்கினா இல்லை. அம்மா பதினெட்டுப் படத்துல தொடர்ந்து தொங்கியிருக்காங்க. ஒண்ணு ரெண்டுன்னா நாங்களும் சந்தேகப்பட்டிருப்போம்.”

மன்றத் தலைவரின் அறையில் அவரைவிடப் பெரியது அவருடைய நாற்காலி. அவர் பெயருக்கு முன்னால் மூன்று பட்டங்கள் இருந்தன. இரண்டு அவரே மன்றத்தின் சார்பில் தனக்குக் கொடுத்துக்கொண்டவை. கண்ணீர்க் கடலைக் கண்டதும் அவர் முகத்தில் உண்மையான துயரம் தெரிந்தது. மேஜையில் தைத்து வைத்திருந்த தம்முடைய பதினான்கு பக்க இரங்கல் உரையை ஒருமுறை வருடிக்கொடுத்தார்.

“உயிரோடவா இருக்கீங்க?” என்றார்.

“மன்னிச்சுக்குங்க” என்றார் நடிகை.

“உங்க மேல தப்பில்லம்மா. ஆனா தீர்மானம் நிறைவேறிடுச்சே! நினைவேந்தலைப் பாராட்டு விழாவா மாத்தணும்னா பொதுக்குழு கூடணும். அது ஆறு மாசம் கழிச்சுத்தான்.”

“ஆறு மாசத்துல எல்லாம் சரியாப் போச்சுன்னா, மாத்த வேண்டிய அவசியமே வராதுங்கிறீங்க” என்றார் நடிகை.

தலைவர் அதை மறுக்கவில்லை. “அறுநூறு பேரை அழைச்சிருக்கோம். பெரிய பெரிய ஆளுங்க இரங்கல் உரை தயார் பண்ணிட்டாங்க. என் உரையைப் பாருங்க. மூணு வார உழைப்பு. முழுக்க இறந்த காலம். ‘வாழ்ந்தார், வழங்கினார், வாகை சூடினார்’னு வருது. இதைப் போய் ‘வாழ்கிறார், வழங்குகிறார்’னு ஆக்கினா ஓசையே கெட்டுப் போயிடும்மா!”

“அப்ப இவங்க என்ன பண்ணணும்கிறீங்க?” என்று தங்கை மகள் எகிறினாள்.

“வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் வீட்டை விட்டு வெளிய வராம இருந்தா…”

தங்கை மகள் வாயைத் திறந்தாள். ஆனால் பெரியம்மாவின் பார்வை அழைப்பிதழின் அடியில் ஓரிடத்தில் நின்றுவிட்டது. இரங்கல் உரை ஆற்றுவோர் பட்டியலில் இரண்டாவதாக நாடக இயக்குநர் இருந்தார்; அவருடைய பட்டத்தையும் சேர்த்தே போட்டிருந்தார்கள்.

“நான் செத்தே இருக்கேன்” என்றார். “ஆனா ஒரு நிபந்தனை. நன்றியுரை நான் சொல்றேன்.”

தலைவர் யோசித்தார். மறைந்தவரே மேடையில் தோன்றினால் நாளிதழ்களில் முதல் பக்கம். ஏற்பாடு செய்தவர் படமும் பக்கத்திலேயே வரும். “என் உரை முடியற வரைக்கும் திரைக்குப் பின்னால இருக்கணும். இருமக் கூடாது” என்றார்.

“பதினேழு காசநோய் பாத்தவ நான். எப்ப இருமணும்னு எனக்குத் தெரியும்.”

வெள்ளிக்கிழமை மாலை, மண்டபத்தின் பின் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பிரம்பு நாற்காலியில், காபி பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, அன்னார் தம்முடைய இரங்கல் கூட்டத்தைக் கேட்டார்.

முதலில் முன்னாள் கதாநாயகன் பேசினார். வயது எண்பத்தைந்து. “என்னைப் பெறாமல் பெற்ற தாய்” என்றார். அடுத்து, சில நாள் முன்புதான் அன்னாரை நேரில் திருப்பி அனுப்பிய நாடக இயக்குநர். “என்னுடைய புதிய நாடகத்தின் தலைமை வேடத்தை அவருக்காகவே எழுதினேன். காலம் அதைத் தட்டிப் பறித்துவிட்டது” என்றார். திரைக்குப் பின்னால் பிளாஸ்க் மூடி தரையில் விழுந்து உருண்டது. மூன்றாவதாக ஒரு கவிஞர், அன்னார் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை என்று எதுகையோடு நிறுவினார். தலைவர் பதினான்கு பக்கமும் படித்தார். பிறகு எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். மேடைப் பழக்கம், திரைக்குப் பின்னால் அன்னாரும் எழுந்து நின்றார்.

“இப்போது” என்று தலைவர் குரலை ஏற்றினார், “என் வேண்டுகோளை ஏற்று, நன்றியுரை வழங்க, கண்ணீர்க் கடல் அவர்களே வருகிறார்!”

திரை விலகியது. அவர் வந்தார்.

நான்காவது வரிசையில் ஒரு பெண் வீல் என்று கத்தினாள். அப்புறம் அறுநூறு பேரும் சேர்ந்து அழுதார்கள். ஆனந்தக் கண்ணீர்தான், ஆனால் கண்ணீர் கண்ணீர்தானே. முன்னாள் கதாநாயகன், “அம்மா!” என்று கதறினார். இதுவரை அழாமல் இருந்த ஒலிபெருக்கிக்காரரும் மூக்கைச் சிந்தினார்; அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

முதல் வரிசையில் இயக்குநர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டே மேடையைப் பார்த்துத் தலையாட்டினார். நான்தான் சொன்னேனே என்று அதற்கு அர்த்தம். அவர் நாற்காலிக்குப் பின்னால் தங்கை மகள் வந்து நின்றாள்.

நடிகை கையெடுத்துக் கும்பிடவில்லை. அழுகையை அடக்கச் சொல்லியும் கேட்கவில்லை. தலைவர் மேஜையில் விட்டுப் போயிருந்த பதினான்கு பக்கத்தை எடுத்தார். தலைவரின் மூக்குக் கண்ணாடியும் அங்கேதான் கிடந்தது. அதையும் எடுத்து மாட்டிக்கொண்டார். நிதானமாக முதல் பக்கத்தைப் புரட்டினார். அவசரமே இல்லை. விம்மல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்தம்மா என்ன தேடுகிறார் என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

“‘அன்னார் மிக எளிமையாக வாழ்ந்தார்’” என்று படித்தார். காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “இன்னும் அப்படித்தான். வேற வழி இல்ல” என்றார்.

எங்கோ ஒரு சின்னச் சத்தம்.

“சார், ஒருத்தர்” என்றாள் தங்கை மகள் இயக்குநரின் காதோரம்.

“அது இருமல்.”

“தலைவர் சார், ஒரு பேனா குடுங்க” என்றார் நடிகை. “நெறைய ‘தார்’ இருக்கு. எல்லாத்தையும் ‘கிறார்’ ஆக்கணும்.” தலைவர் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். நடிகை பள்ளிக்கூட ஆசிரியை மாதிரி கோடு போட்டுக்கொண்டே வந்தார். “வாழ்ந்தார்… கிறார். வழங்கினார்… கிறார். பக்கம் மூணு. ‘அவர் மனத்தாலும் யாரையும் நோகடித்ததில்லை.’” நிமிர்ந்து முன்னாள் கதாநாயகனைப் பார்த்தார். “அண்ணே, ஒரு படத்துல உங்களைக் கன்னத்துல அறைஞ்சேனே. நொந்துச்சா?”

“பல்லு ஆடிப்போச்சும்மா!” என்றார் கதாநாயகன், ஐம்பது வருடமாகச் சொல்லக் காத்திருந்தவர் போல.

நடிகை பேனாவால் அந்த வரியை அடித்தார்.

“இப்ப?” என்றாள் தங்கை மகள். பின் வரிசையில் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

“விம்முறாங்க” என்றார் இயக்குநர். அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

“பக்கம் பதினாலு” என்றார் நடிகை. “‘அன்னார் விட்டுச் சென்ற இடம் இன்றும் வெற்றிடமாகவே இருக்கிறது. அதை நிரப்ப எவராலும் இயலாது.’” காகிதத்தை மடித்தார். மேடையில் வரிசையாக இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில்கூட வெற்றிடம் இல்லை. கடைசியில் தலைவரின் பெரிய நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று, தாழ்ந்த குரலில், ஆனால் பின் வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“கொஞ்சம் நகருங்க. நான் உக்காந்துக்கிறேன்.”

தலைவர் நகர்ந்தார். அதுதான் அவர் செய்த தவறு. நாற்காலியின் ஓரத்தில் பாதி உடம்போடு அவர் தொங்க, பக்கத்தில் மறைந்த நடிகை காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீல் என்று கத்திய அந்த நான்காவது வரிசைப் பெண்தான் முதலில் வெடித்தாள். அப்புறம் யார் முதல், யார் கடைசி என்று சொல்ல முடியவில்லை. கவிஞர்கூடத் தன் எதுகையை மறந்து சிரித்தார். இயக்குநர் முன்னால் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சார், இதுவும் இருமலா?” என்று தங்கை மகள் கேட்டாள். அவர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்து ஒப்பனை அறைக்கு வந்தபோது இயக்குநர் பழையபடி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தார். தோள்பையிலிருந்து நாடகப் பிரதியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

“வேஷம் உங்களுக்குத்தாம்மா. நாளைக்குப் பத்து மணிக்கு ஒத்திகை. ஒண்ணே ஒண்ணு. என் வசனத்துல ஒரு எழுத்தைக்கூட யாரும் மாத்தக் கூடாது. ரெண்டு வருஷம் எழுதினது.”

நடிகை பிரதியைப் பிரித்து மாடிவீட்டு அம்மாவின் முதல் வசனத்தைத் தேடினார். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறை. நெற்றி சுருங்கியது.

“இது சிரிப்பு வராது தம்பி.”

“ஏன் வராது?”

“‘எனக்குக் காது கேக்காதுதான், ஆனா நீங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு’ன்னு எழுதியிருக்கீங்க. நல்லதை முதல்லயே குடுத்துட்டீங்க. திருப்பிப் போடுங்க. ‘நீங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு’ன்னு சொல்லணும். எதிர்ல நிக்கிற ரெண்டு பேரும் முழிப்பாங்க. அப்ப நான் திரும்பி நடக்கணும், கதவுக்கிட்ட போய் நிக்கணும், ‘காதுதான் கேக்காது.’”

“அம்மா, அந்த வாக்கியத்தோட அமைப்புல ஒரு தத்துவம்…”

“நீங்களே சொல்லிப் பாருங்களேன்.”

இயக்குநர் சொல்லிப் பார்த்தார். முதலில் தத்துவத்தோடு. அப்புறம் திருப்பிப் போட்டு, மூன்றடி நடந்து, கதவருகே நின்று.

அழுத முகத்தைக் கழுவ வந்து மூலையில் சோப்பு போட்டுக்கொண்டிருந்த ஒலிபெருக்கிக்காரர் களுக்கென்று சிரித்துவிட்டார்.

இயக்குநர் கதவருகிலிருந்து திரும்பி வந்தார். பேனாவைத் திறந்து நடிகையின் கையிலிருந்த பிரதியில் எதையோ அடித்து எதையோ எழுதினார். “நானும் இப்படி ஒண்ணு யோசிச்சு வெச்சிருந்தேன்” என்றார்.

“அப்படியா?” என்று நடிகை பக்கத்தைப் புரட்டினார். “ரெண்டாவது வசனத்துக்கும் யோசிச்சு வெச்சிருக்கீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?”